கேள்வி-பதில்: தளபதியும் உலைப்பானையும்

கே: அலெக்சாண்டர், செங்கிஸ்கான், நெப்போலியன் - யார் தலைசிறந்த படைத்தலைவர்? தேநீர்க் கடையில் நாங்கள் நால்வர் மூன்று நாளாக மோதிக்கொள்கிறோம்.
- வாசகர், மௌல்மேன்

ப: கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். நம் மண்ணில் நடந்த சண்டையை வைத்தே சொல்கிறேன்.

என் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நேதாஜியின் பேச்சைக் கேட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, 1944இல் மணிப்பூரின் இம்பால் பக்கம் போனார். அந்தப் படையெடுப்பை நடத்திய ஜப்பானியத் தளபதி முடாகுச்சிக்கும் உங்கள் செங்கிஸ்கான்தான் முன்மாதிரி. மந்தையை ஓட்டிக்கொண்டே போனால் சுமையும் தூக்கும், பசித்தால் இறைச்சியும் ஆகும் என்று கணக்குப் போட்டார். சின்ட்வின் ஆற்றைக் கடக்கும்போதே ஏராளமான மாடுகள் மூழ்கின. இன்னும் பல மலைப்பாதையில் உருண்டன. வீரர்களிடம் இருந்தது மூன்று வார உணவு. அதற்குள் இம்பாலிலிருந்த பிரிட்டிஷ் உணவுக் கிடங்குகள் கைக்கு வந்துவிடும் என்பது திட்டம். வரவில்லை. தாத்தா மூங்கில் குருத்தையும் பெயர் தெரியாத இலைகளையும் வேகவைத்துத் தின்று திரும்பினார். அதன்பிறகு சாகும்வரை வீட்டில் மூங்கில் குருத்து சமைக்க விடவில்லை. பர்மாவில் இருந்துகொண்டு இது எத்தனை பெரிய விரதம் என்பது உங்களுக்கே தெரியும்.

எதிர்த்தரப்பில் பிரிட்டிஷ் படையின் தளபதி ஸ்லிம். அவர் பெயரைச் சொன்னால் தாத்தா எழுந்து போய்விடுவார். ஆனாலும் என் ஓட்டு ஸ்லிமுக்குத்தான். 1943இல் அவர் படையில் காயம்பட்டுத் திரும்பியவர் ஒருவர் என்றால், நோயில் விழுந்து திரும்பியவர்கள் 120 பேர். மலேரியா மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும் என்றார். திடீர்ச் சோதனை வைத்தார். நூற்றுக்கு 95 பேராவது மாத்திரை தின்றிருக்காவிட்டால், வீரனை விட்டுவிட்டு அவனுடைய அதிகாரியின் பதவியைப் பறித்தார். மூன்று பேர் போனதுமே மற்றவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது. முன்னணியில் அரை வயிறு என்றால் தலைமையகத்திலும் அரை வயிறுதான். 1945இல் மாண்டலேயைக் குறிவைப்பதுபோல் காட்டி, ஜப்பானியரின் கிடங்கு நகரமான மெய்க்தீலாவைப் பிடித்தாரே, அந்தத் தந்திரத்தைப் புகழாதவர் இல்லை. அதைச் செய்து முடிக்கக் காய்ச்சலில்லாமல் எழுந்து நிற்கிற ஆள் வேண்டாமா?

கே: நேதாஜியைத் தளபதி என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்களா?
- வாசகி, ரங்கூன்

ப: போர்க்கலை பயின்றவர் அல்லர் அவர். இம்பால் திட்டத்தை நம்பியதும் பிழைதான். ஆனால் 1945 ஏப்ரல் 24இல் ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது ஜான்சி ராணிப் படைப் பெண்களையும் உடன் அழைத்துப் போனார். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். காரில் ஏறச் சொன்னபோது மறுத்து, கால் கொப்புளித்தும் அவர்களோடு நடந்தார். தாத்தா தாமும் அந்த நடையில் இருந்ததாகச் சொல்வார். பாட்டி நம்பியதில்லை.

கே: மேலிடத்து உத்தரவை மீறுகிறவர் நல்ல போர்வீரர் ஆவாரா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், பெகு

ப: அதே 1944 படையெடுப்பில், இம்பாலுக்கு வடக்கே கோஹிமாவில் முடாகுச்சிக்குக் கீழிருந்த தளபதி சாதோவைக் கேளுங்கள். ஒரு மணி அரிசிகூட வந்து சேராததால், உத்தரவை மீறித் தம் டிவிஷனைப் பின்னுக்கு அழைத்து வந்தார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று காத்திருந்தார். மனநிலை சரியில்லை என்று மருத்துவர்களை எழுத வைத்து, விசாரணையே இல்லாமல் முடித்துவிட்டார்கள்.