கேப்சூல் போட்டுட்டு ஒப்புட்டு சாப்பிடலாமுங்களா?

இந்த தடவ வந்த லெட்டர்ல பாதிக்கு மேல வயித்து விஷயந்தான், அதுலயும் செரிக்கறதுக்குப் போடற என்சைம் மாத்திரை பத்தித்தான் நெறைய பேர் கேட்டிருக்கீங்க. கல்யாண சீசன் வருதில்ல, அதான் போல. கோபி பக்கத்துல இருந்து ஒரு அம்மா நீளமா எழுதியிருக்காங்க, அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

கேள்வி: என்ற பொண்ணுக்கு பத்தொம்பது வயசுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ரத்தமே ஊற மாட்டேங்குதுன்னு கோயம்புத்தூர்ல காட்டுனப்ப எண்டோஸ்கோப்பி பண்ணிப் பாத்து சீலியாக்னு, கோதுமை குடலுக்கு ஒத்துக்காத நோவுன்னு சொல்லிட்டாங்க. அன்னையில இருந்து கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஊட்டுக்குள்ள வர்றதில்லைங்க, ராகி கம்பெல்லாம் நானே கழுவி காயவெச்சு பக்கத்து மில்லுல அரைச்சுத்தான் குடுக்கறேன். அப்படியும் வாரத்துல ரெண்டு மூணு நாளு வயிறு கல்லாட்டம் உப்பிக்குது. கொழுந்தனார் பையன் அமெரிக்காவுல இருந்து குளூட்டனைச் செரிக்க வெக்கற என்சைம் கேப்சூல்னு ரெண்டு டப்பா குடுத்துட்டுப் போயிருக்கான். தை மாசம் எங்கண்ணன் பையன் கல்யாணம், அன்னைக்கு இதை ரெண்டு போட்டுட்டு ஒரே ஒரு ஒப்புட்டு, அதான் கடலைப்பருப்பு பூரணம் வெச்ச மைதா போளி, சாப்பிட்டுக்கறேம்மானு கேக்கறா. குடுக்கலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. ஒரு ஒப்புட்டும் வேண்டாம், பாதி ஒப்புட்டும் வேண்டாம். பத்தொம்பது வயசுப் புள்ள ஒறம்பரையெல்லாம் வட்டலை வழிச்சு சாப்பிடறப்ப ஓரமா உக்காந்து பாத்துட்டு இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், ஆனாலும் வேண்டாம்.

ஏன்னு சொல்லிடறேன், இல்லீன்னா இந்தம்மா பழைய பஞ்சாங்கம்னு நெனைச்சுக்குவா. குளூட்டன்கறது கோதுமை, பார்லி, ரைங்கற தானியத்துல இருக்கற புரதம். புரதம்னா மணி கோத்த மாலை மாதிரி, நம்ம வயித்து என்சைம் கத்திரிக்கோலாட்டம் அதை மணி மணியா வெட்டிப்போடும், ஆனா குளூட்டன்ல புரோலின்ங்கற மணி நெருக்கமா இருக்கறதால அந்த எடத்துல நம்ம கத்திரி நுழைய மாட்டேங்குது. அப்படி வெட்டுப்படாம நிக்கற 33 மணி நீளத் துண்டு ஒன்னை 2002-ல ஸ்டான்ஃபோர்டுல கண்டுபுடிச்சு சொன்னாங்க. சீலியாக் இல்லாதவங்களுக்கு அந்த துண்டு பேசாம வெளிய போயிரும். உங்க பொண்ணு மாதிரி இருக்கறவங்களுக்கு உடம்போட எதிர்ப்பு சக்தி அதை எதிரின்னு நெனைச்சு சொந்தக் குடலையே அடிக்குது, குடலுக்குள்ள விரல் விரலா நிக்கற சதையெல்லாம் மழுங்கிப்போய் இரும்புச்சத்து உள்ள போகாது, அதான் ரத்தம் ஊறாம இருந்தது.

சரி, கேப்சூல்ல வேற கத்திரி இருக்குதே, அது வெட்டாதான்னா, கொஞ்சம் வெட்டும். கொஞ்சம் வெட்டுனா பத்தாதுங்கறதுதான் பிரச்சினை. எதிர்ப்பு சக்தி அடையாளம் கண்டுக்க ஒம்போது மணி இருந்தாப் போதும், 33-ஐ ரெண்டா வெட்டி ஒன்னும் ஆகறதில்ல. அதுவும் சாப்பாடு இரைப்பையை விட்டு எறங்கறதுக்குள்ள வெட்டி முடிச்சிருக்கணும், ஏன்னா தாண்டுன ஒடனே வர்ற முன்சிறுகுடல்லதான் அடியே விழுது. இந்த மாதிரி டப்பா நெறையத்துல டிபிபி-4னு ஒரு என்சைம் போட்டிருப்பாங்க, அது இரைப்பைப் புளிப்புல ஒழுங்கா வேலையே செய்யாது. 2015-ல கடையில விக்கற அஞ்சு என்சைமை லேப்ல சோதிச்சுப் பாத்தாங்க, அஞ்சுமே அந்த விவகாரம் புடிச்ச துண்டுகளை அப்படியே விட்டுருச்சு.

இன்னொன்னு, இது உங்க பொண்ணு கதையேதான். லாட்டிகுளூட்டனேஸ்னு ஒரு மருந்து, சீலியாக்குக்குன்னே உண்டாக்குனது. குளூட்டன் இல்லாம சாப்பிட்டும் தொந்தரவு தீராத 494 பேர்கிட்ட அதைக் குடுத்துப் பாத்து 2017-ல ரிசல்ட் போட்டாங்க. மருந்து சாப்பிட்டவங்க குடலும் மருந்தில்லாத வெறும் கேப்சூல் சாப்பிட்டவங்க குடலும் ஒன்னாத்தான் இருந்துச்சு. வேடிக்கை என்னன்னா வெறும் கேப்சூல் சாப்பிட்டவங்களும் கொஞ்சம் தேறியிருந்தாங்க, நம்மள ஒருத்தர் கவனிச்சிட்டே இருக்காங்கன்னு தெரிஞ்சா சாப்பாட்டுல தன்னால ஒழுங்கு வந்துருதுன்னு நான் நெனைச்சுக்குவேன்.

இப்ப வயிறு ஏன் உப்புதுங்கறதுக்கு வர்றேன். கேப்சூலை விட்டுட்டு நீங்க எழுதுன அந்த மில்லுங்கற வார்த்தையைத்தான் நான் அடிக்கோடு போட்டு வெச்சிருக்கேன். ராகியில குளூட்டன் இல்ல, கம்புல இல்ல, சோளத்துல இல்ல, சாமை தினையில இல்ல, நம்ம ஊரு சாப்பாட்டுல சீலியாக் இருக்கறவங்க பொழைச்சுக்கலாம்னா அது இதுகளாலதான். ஆனா நாளைக்கு காலையில மில்லுக்குப் போய் அஞ்சு நிமிசம் சும்மா நின்னு பாருங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் அஞ்சு கிலோ கோதுமை அரைச்சுட்டுப் போவாரு, மில்லுக்காரர் ஒரு கட்டையில டக்கு டக்குனு நாலு தட்டு தட்டுவாரு, மாவு எறங்கற வாயில ஒரு துணி தொங்குமே, வெள்ளையா மாவு ஏறி கெட்டியா போயிருக்கும், அதே துணி வழியாத்தான் உங்க ராகியும் எறங்கும். ராகி மாவுல முதல்ல விழற ரெண்டு கை வெளுப்பா வர்றதை நீங்களே பாத்திருப்பீங்க, அந்த வெளுப்பு யாரோ ஊட்டு சப்பாத்தி.

இது எவ்வளவு பெரிய விஷயம்னா, 2007-ல இத்தாலியில ஒரு ஆராய்ச்சி பண்ணுனாங்க, தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூணு மாசம் உள்ள போனா குடல் மறுபடி கெடுதுன்னு தெரிஞ்சுது. 50 மில்லிகிராம்னா கிட்டத்தட்ட அரை கிராம் கோதுமை மாவு. களி கிண்ட எடுக்கற ஒரு டம்ளர் மாவுல அரை கிராம் கலந்திருந்தா கண்ணுக்குத் தெரியுமா? அதனால மொதல் வேலை, ராகியை ஊட்டு மிக்ஸியிலயே சின்ன சின்னதா அரைச்சு சலிச்சுக்குங்க, இல்லீன்னா ராத்திரி ஊறவெச்சு கிரைண்டர்ல தோசை மாவா ஆட்டிக்குங்க. மில்லுக்காரர்கிட்ட சொல்லி கழுவிக் குடுங்கன்னா பாவம் அவரும் சரீன்னு தலையாட்டுவாரு, நடக்காது. அந்த சல்லடையும் தனியா இருக்கட்டும்.

ரெண்டாவது, பெருங்காயம். இதைச் சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. டப்பாவுல வர்றது கூட்டுப் பெருங்காயம், வெறும் பிசின் கிடையாது, மைதாவோ கோதுமை மாவோ சேத்துத்தான் பல கம்பெனியில பண்றாங்க, பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கும், கண்ணாடி போட்டுட்டு படிங்க. ஒரு சிட்டிகையில வர்றது மில்லு மாவளவுக்கு இல்ல, உள்ளதைச் சொல்லோணும், ஆனா சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு, ஊறுகாய்க்குன்னு தினம் நாலு எடத்துல விழுது. அரிசி மாவு சேத்த பெருங்காயமும் கிடைக்குது, அதை வாங்கிக்குங்க, இல்லீன்னா பூண்டு தட்டிப் போட்டுட்டு போயிருங்க. எங்க அம்மிச்சி கொள்ளு ரசத்துக்கு பெருங்காயமே போட்டதில்ல, ஒன்னும் கொறைஞ்சு போகல. அப்பறம் மால்ட் பவுடர் கலந்த பாலு குடுக்கறீங்களான்னு எழுதல, குடுத்தா நிறுத்துங்க, மால்ட்னா பார்லி. சம்பா கோதுமையும் கோதுமைதான், பேர்ல சம்பான்னு இருக்கறதால நெல்லு ஆயிராது.

இதெல்லாம் சரி பண்ணிட்டு டாக்டர்கிட்ட சொல்லி டி.டி.ஜி. ரத்த டெஸ்ட் மறுபடி எடுத்துப் பாருங்க, சீலியாக்ல எதிர்ப்பு சக்தி உண்டாக்கற எதிர்ப்பொருளை அளக்கற டெஸ்ட் அது. ரெண்டு வருசம் ஆகியும் அது எச்சாவே இருந்தா எங்கியோ கோதுமை ஒழுகுதுன்னு அர்த்தம். நார்மலா இருந்து வயிறு மட்டும் உப்புதுன்னா அப்பத்தான் வேற காரணம் தேடணும், அதுல ஒன்னு கணையம். சீலியாக் இருக்கற சிலருக்கு கணையத்துல என்சைம் கொறைவா சுரக்கும், மலத்துல எலாஸ்டேஸ்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 200-க்கு கீழ வந்தா டாக்டர் கணைய என்சைம் கேப்சூல் எழுதிக் குடுப்பாரு, அது நெசமாவே வேலை செய்யற மருந்து. அதை சாப்பாட்டோட மொதல் வாயிலயே போடணும், சாப்பிட்டு கையைக் கழுவிட்டு ஞாபகம் வந்து போட்டா பிரயோசனம் கம்மி. அதுவும் கொழுப்பு, மாவு, புரதம் செரிக்கறதுக்குத்தான், ஒப்புட்டுக்கு லைசென்ஸ் இல்ல.

கல்யாணத்தன்னைக்கு என்ன பண்றது? அதே கடலைப்பருப்பு பூரணத்தை அரிசி மாவுக் கொழுக்கட்டைக்குள்ள வெச்சு ஊட்டுலயே வேகவெச்சு ஒரு டிபன் பாக்ஸ்ல எடுத்துக்குங்க, நெய் தாராளமா ஊத்துங்க. பந்தியில வெறும் சாதம், தயிரு, வாழைப்பழம் தைரியமா சாப்பிடட்டும். ரசம் வேண்டாம், பூரி பொரிச்ச எண்ணெயில போட்ட அப்பளமும் வேண்டாம். சமையல்காரர்கிட்ட முந்தின நாளே போய் பேசுங்க, பந்தி நேரத்துல பேசுனா அவரு காதுல ஏறாது.

கேள்வி: எனக்கு நாப்பத்தி நாலு, திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கேன். கேஸ் தொந்தரவுக்காக ஆறு மாசமா நானாவே கோதுமையை நிறுத்திட்டேன், பாதி சரியாச்சு. இப்ப மெடிக்கல்ல குடுத்த என்சைம் சிரப்பும் குடிக்கறேன். தொடரலாமா? டெஸ்ட் ஏதும் எடுக்கல.

பதில்: அந்த கடைசி வரியை மொதல்ல எழுதியிருக்கோணும் நீங்க. கோதுமையை நிறுத்திட்டு ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா சீலியாக் இருந்தாலும் இல்லைன்னு காட்டலாம், எதிர்ப்பொருள் எறங்கிருக்கும். டெஸ்டுக்காக மறுபடி சில வாரம் கோதுமை சாப்பிடணும், அதை டாக்டர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க. நம்ம பக்கம் இது அபூர்வந்தான், 2016-ல வந்த ஒரு ஆராய்ச்சியில வடக்க நூத்துக்கு ஒருத்தருக்கு மேல அந்த எதிர்ப்பொருள் இருந்துச்சு, தெக்க ஆயிரத்துக்கு ஒருத்தர்தான். அதனால உங்களுக்கு இருக்காதுன்னு பந்தயம் கட்டலாம், ஆனா பந்தயம் கட்டறது வேற, தெரிஞ்சுக்கறது வேற.

சீலியாக் இல்லைன்னு ஆச்சுன்னா, கோதுமை நிறுத்துனதுல கேஸ் கொறைஞ்சதுக்கு குளூட்டன் காரணமா இல்லாமயே இருக்கலாம். கோதுமையில ஃப்ரக்டான்னு ஒரு வகை சர்க்கரைச் சங்கிலி இருக்கு, வெங்காயத்துலயும் பூண்டுலயும் அதேதான், பெருங்குடல் கிருமிங்க அதைப் புளிக்கவெச்சு காத்தா ஆக்கிடும். உங்க சிரப்புல அனேகமா டயஸ்டேஸும் பெப்சினும் இருக்கும், ஒன்னு மாவை வெட்டும், இன்னொன்னு புரதத்தை, ஃப்ரக்டானை ரெண்டும் தொடறதில்ல. ஒரு வாரம் சிரப்பை நிறுத்திப் பாருங்க, ஒரு வித்தியாசமும் தெரியலீன்னா அந்தக் காசுக்கு எளநி குடிங்க. அப்பறம் ஒன்னு, பொழுதோட பேக்கரியில நின்னுட்டு பப்ஸும் டீயும் அடிக்கற பழக்கம் போனதுலயே பாதி சரியாயிருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: பப்பாளியிலயே என்சைம் இருக்குதாமே, கேப்சூலுக்கு பதிலா தினம் ஒரு துண்டு சாப்பிட்டா கோதுமை செரிச்சிருமா? – உடுமலை வாசகர்

பதில்: உங்க பக்கம் பப்பாளித் தோட்டத்துல பால் எடுக்கறதைப் பாத்திருப்பீங்களே, வெயில் ஏறறதுக்கு முன்னாடி பச்சைக் காய்மேல பிளேடால லேசா கோடு கோடா கீறி விடுவாங்க, பால் சொட்டுச் சொட்டா எறங்கும், அதைக் காயவெச்சாத்தான் பப்பேன். கோவை வேளாண் பல்கலைக்கழகம் இந்தப் பாலுக்குத் தோதா கோ 2, கோ 5-னு ரகம் விட்டிருக்காங்க. ஆனா அது பச்சைக் காயில இருக்கற சமாச்சாரம், பழுக்கப் பழுக்க கொறைஞ்சு போயிரும், நீங்க துண்டு போட்டு சாப்பிடற பழத்துல பேருக்குத்தான் இருக்கும். கறி வேகறதுக்கு ரெண்டு துண்டு பப்பாளிக்காய் போடறோமே, அதுக்கு அது கெட்டிக்காரன். சீலியாக்குக்கு அதை நம்பி எறங்கக் கூடாது. மத்தபடி பழம் மலச்சிக்கலுக்கு நல்லது, சாப்பிடுங்க.

கேள்வி: எம்பையனுக்கு சீலியாக்னு சொல்லி நாலு மாசம் ஆச்சுங்க. கோதுமை நிறுத்தியாச்சு, ஆனா பால் குடிச்சா பேதி ஆகுது. முன்னெல்லாம் எருமைப்பாலே குடிப்பான். – அந்தியூர் வாசகி

பதில்: இங்கதான் என்சைமுக்கு நெசமான வேலை இருக்கு. பாலுல இருக்கற லாக்டோஸை வெட்டற லாக்டேஸ் அந்த குடல் விரல்களோட நுனியிலதான் சுரக்குது, நுனி மழுங்கிட்டா அதுவும் போச்சு. குடல் ஆற ஆற பெரும்பாலும் திரும்பி வந்துரும், அதுவரைக்கும் பாலை நிறுத்திட்டு தயிரு மோரு குடுத்துப் பாருங்க, ஒறைஞ்சதுல லாக்டோஸ் கொறைவு. பாலுதான் வேணும்னு அழுதான்னா டாக்டரைக் கேட்டு லாக்டேஸ் சொட்டு மருந்தோ மாத்திரையோ மொதல் மடக்கோட குடுக்கலாம். ஆறு மாசம் ஒரு வருசம் கழிச்சு அரை டம்ளர்ல ஆரம்பிச்சுப் பாருங்க, எருமைப்பாலுக்கு அப்பறம் வரலாம்.

கேள்வி: நாங்க சுத்த சைவமுங்க. என்சைம் மாத்திரை எதுல பண்றாங்க? – பெருந்துறை வாசகர்

பதில்: கணைய என்சைம் பன்னிக் கணையத்துல இருந்து எடுக்கறதுங்க, பெப்சினும் பெரும்பாலும் பன்னி வயித்துல இருந்துதான். ஃபங்கல்னு போட்டிருந்தா பூஞ்சையில வளத்தது, அது சைவம். சத்து மாத்திரையா விக்கறதுன்னா டப்பாவுல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. கணையத்துக்குன்னு டாக்டர் எழுதுனதுன்னா நீங்களா நிறுத்திப்போடாதீங்க, அவருகிட்டயே வாயைத் தொறந்து கேட்டுருங்க.