ரிப்போர்ட் சரி, வலி போகவில்லை

வணக்கம் ஐயா. என் மனைவிக்கு ஆறு வருடமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினமும் காலையில் கொஞ்சம் ப்ரெட்னிசோன். அழற்சி அடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். அவளோ உடம்பெல்லாம் வலி என்கிறாள். தூக்கமில்லை, கோவிலுக்கும் வருவதில்லை, திடீரென்று அழுகிறாள். "ரிப்போர்ட்தான் நன்றாயிருக்கிறதே, எல்லாம் மனசுதான்" என்கிறார்கள் வீட்டில். புரட்டாசி விரதம் வேறு வருகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி வலிக்கிறது என்றால் வலிக்கத்தான் செய்கிறது. இதை முதலில் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் அழற்சியைக் காட்டுபவை, வலியை அல்ல.

மூட்டுச் சவ்வு அழன்று வரும் வலியில், காலையில் அரைமணி, ஒருமணி நேரம் விரல் மடங்காது. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும். இன்னொரு வகை உண்டு. வருடக்கணக்கில் வலியிலேயே இருந்த நரம்பு மண்டலம், லேசாக அழுத்தினாலும் அதை வலியாக எடுத்துக்கொள்ளும். வீக்கம் இருக்காது, ஆனால் தோள், முதுகு, தொடை எல்லாம் வலிக்கும். தூங்கி எழுந்தாலும் அசதி தீராது. தூக்கம் கெட்டால் இந்த வலி ஏறும்; வலி ஏறினால் தூக்கமும் மனசும் மேலும் கெடும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் சிகிச்சையே இருக்கிறது. நோய் எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் டாஸ் 28 என்ற கணக்கில் டாக்டர் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று தனித்தனியே எண்ணுவார். ரத்தத்தில் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி அளவும், நோயாளி தன் நிலைக்குத் தானே 0 முதல் 100 வரை போடும் மதிப்பும் அதில் சேரும். வலிப்பவை பன்னிரண்டு, வீங்கியது ஒன்று, சிஆர்பியும் சரி என்றால், மெத்தோட்ரெக்சேட்டைக் கூட்டிப் பெரிய பயன் இராது. "ஒன்றுமில்லை, போங்கள்" என்று அனுப்புவதும் தவறு. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் அப்போது சிகிச்சை வேண்டும்.

கிளினிக்கில் பேசக் கிடைப்பது சில நிமிஷம். அதனால் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: காலை விறைப்பு எத்தனை நிமிஷம், இரவு எத்தனை மணி தூக்கம். வீங்கிய மூட்டை அன்றே கைபேசியில் படம் எடுங்கள். பிறகு உங்கள் மனைவியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருந்ததா? இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அந்த எண்ணையே சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 72 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த கட்டுரைப்படி முடக்குவாதக்காரர்களில் 16.8 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருக்கிறது, அதாவது ஆறில் ஒருவருக்கு. உயிரோடிருக்க வேண்டாம் என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள்: 0800 567 567, மனச்சோர்வுக்கு உதவும் தென்னாப்பிரிக்க அமைப்பான சாடாக்கின் இலவச எண்.

ரத்தசோகை, தைராய்டு குறைவு இரண்டும் இதே அசதியைத் தரும், பார்க்கச் சொல்லுங்கள். இந்த வலிக்கும் தூக்கத்துக்கும் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் மாத்திரை, பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்கி, கொடுப்பதுண்டு. வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கமாக இருக்கும். இதய நோய் இருந்தால் முன்பே சொல்லவேண்டும். மனச்சோர்வு மாத்திரைகள் பல, டிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். டிரமடால் என்ற வலி மாத்திரையோடு சேர்வது வேறு வகையில் ஆபத்து. கடையில் வாங்கும் வலி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வீட்டு வேலையில் ஒரு பழக்கத்தை மாற்றவேண்டும். உடம்பு நன்றாயிருக்கும் நாளில் முழு வேலையையும் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக்கொள்வது. வலி வரும்வரை வேலை செய்யக் கூடாது, வருமுன் நிறுத்தவேண்டும். உட்கார்ந்து இருபது நிமிஷம் காய் நறுக்கினால் ஐந்து நிமிஷம் ஓய்வு. தீபாவளிக்கு முறுக்குப் பிழிவதை வேறு யாராவது செய்யட்டும். விரலுக்கும் மணிக்கட்டுக்கும் அது பெரிய சுமை. நடையை மட்டும் விடவேண்டாம். பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிஷம் கூட்டினால் போதும்.

புரட்டாசி மாதம் முழுக்க சைவம் சாப்பிடுவதால் ஒரு கேடும் இல்லை. பட்டினியில்தான் கவனம் வேண்டும். ப்ரெட்னிசோனைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வெறும் வயிற்றிலும் வேண்டாம், காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டே போடட்டும். மெத்தோட்ரெக்சேட் நாள் சனிக்கிழமையில் விழுந்தால், விரதத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டு வேறு கிழமைக்கு மாற்றுங்கள். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் அமிலம் போடும் கிழமையையும் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமையானாலும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.