60 வயது சோபாவும் 30,000 குரோனர் கடனும்

கேள்வி: டென்மார்க்கில் ஹேர்னிங்கில் இருக்கிறோம். பழைய தளபாடக் கடையொன்றில் டேனிஷ் தளபாட வடிவமைப்பாளர் போர்கே மொகென்சன் வடிவமைத்த தோல் சோபா ஒன்றைப் பார்த்தேன். மூன்று பேர் இருக்கலாம், 1960களில் செய்தது. 45,000 குரோனர் சொல்கிறார்கள். கையில் 15,000 இருக்கிறது; மீதியை வங்கியில் கடனாக எடுக்கலாம். “உட்காருகிற கதிரைக்கு இவ்வளவு காசா?” என்கிறார் கணவர். விலை ஏறும் பொருள்தானே, முதலீடாக வாங்கலாமா?

பதில்: ரசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது மொகென்சன் 1962இல் வடிவமைத்த 2213 என்ற மாதிரியாக இருக்கலாம். அவர் 1972இல் இறந்துவிட்டார். ஆனால் ஃப்ரெடரிசியா நிறுவனம் அந்த சோபாவை இன்றும் செய்து விற்கிறது. சிக்கலே இங்கேதான். இனிக் கிடைக்காது என்ற பொருளுக்குத்தான் விலை எகிறும். புதியது மிக விலை என்பதால் பழையதற்குக் கிராக்கி உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிராக்கி கடைக்காரர் சொல்லும் 45,000இல் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். 30,000 குரோனரை 10 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 968 கட்ட வேண்டும். வட்டி மட்டும் 4,850 அளவில் போகும். சோபாவின் அடக்கம் 49,850 ஆகிவிட்டது. அப்புறம் ஏலத்தில் விற்கிறீர்கள். ஏலக்காரர் உங்களிடம் 15 சதவீதம் கழித்தால், போட்ட காசு திரும்பவே ஏலம் 58,650ஐத் தொட வேண்டும். வாங்குபவரிடமும் அவர்கள் 25 சதவீதம் கூட்டி வாங்கினால், அவர் கையிலிருந்து 73,000க்கு மேல் போகும். இதெல்லாம் லாபம் ஒரு குரோனர்கூட இல்லாமல், தோல் கிழியாமல், பிள்ளைகள் மேலே குதிக்காமல் இருந்தால்.

வரியிலும் ஒரு வேடிக்கை. சொந்தப் பாவனைக்கு வாங்கிய வீட்டுப் பொருளை விற்று வரும் லாபத்துக்கு டென்மார்க்கில் பொதுவாக வரி இல்லை. லாபம் பார்க்கவென்றே வாங்கியிருந்தால் வரி உண்டு. ‘முதலீடு’ என்று சொல்லிக்கொண்டு வாங்குவதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

நானும் ஒருகாலத்தில் ஒரு டேனிஷ் தேக்கு மேசையை விலை ஏறுமென்று வாங்கியவன். மகள் அதில்தான் வீட்டுப்பாடம் செய்கிறாள். வட்டமாகத் தேநீர்க் கறை வேறு.

அதனால் கடன் வேண்டாம். கையிலுள்ள 15,000ஐயும் தொடாதீர்கள். வாகனம் பழுதானால் அதுதான் உதவும். கட்டவிருந்த அதே 968ஐ மாதாமாதம் ஒதுக்கினால் 47 மாதத்தில் 45,000 சேர்ந்துவிடும். நிறையச் செய்யப்பட்ட சோபா இது, இன்னொன்று வரும். அப்போது, உட்கார்ந்து அனுபவிப்பதற்காக, முழுக் காசையும் கொடுத்து வாங்குங்கள்.

வாங்கும் நாளில் சோபாவைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடியில் நிறுவனத்தின் முத்திரையோ சீட்டோ இருக்கிறதா பாருங்கள். ‘மொகென்சன் பாணி’ என்றால் விலையே வேறு. தையலோரம் தோல் வெடித்திருந்தால், மாற்ற எவ்வளவு ஆகுமென்று தோல் வேலைக்காரரிடம் கேட்டு அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இதன் நீளம் ஏறத்தாழ 220 சென்டிமீட்டர். மாடி வீடென்றால் படிக்கட்டு வளைவை முதலில் அளந்துவிடுங்கள்.