கேள்வி பதில்: பங்களாதேஷ் சட்டைக்கு வரியில்லை, எங்களுக்கு?

கேள்வி: ஐயா, மகன் பாரிஸிலிருந்து அனுப்பிய ரீசேட் பங்களாதேஷில் தைத்தது. அவர்களுக்கு அங்கே சுங்கவரி கிடையாதாம். கஷ்டப்படும் நாடு என்றால் நாங்களும்தானே? ஏன் இந்த ஓரவஞ்சனை?
- தையல்கடைக்காரர், சுன்னாகம்

பதில்: தம்பி, கஷ்டம் வேறு, பட்டியல் வேறு. தலா வருமானம், கல்வி-சுகாதாரம், பொருளாதாரம் எவ்வளவு ஆட்டம் காணும் என்ற மூன்றையும் பார்த்துத்தான் ஐ.நா. ஒரு நாட்டை 'மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடு' என்கிறது. பங்களாதேஷ் 1975இல் சேர்ந்தது. இலங்கை ஒருபோதும் அதில் இருந்ததில்லை. படிப்பும் ஆஸ்பத்திரியும் காப்பாற்றிவிட்டன என்று வையுங்கள்.

அந்த நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் ஆயுதம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வரிவிலக்கு தருகிறது. எங்களுக்கு இருப்பது ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற, நிபந்தனையோடு ஐரோப்பிய ஒன்றியம் தரும் வரிச்சலுகை. அதிலும் ஆடைக்கு வரியில்லை, ஆனால் மனித உரிமை, தொழிலாளர் உடன்படிக்கைகளை நிறைவேற்ற வேண்டும். 2010இல் அது பறிபோய், 2017இல்தான் திரும்பியது. அது பறிபோன சமயம் நான் கட்டுநாயக்கவில் ஏற்றுமதிப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். வழக்கமாக 12 சதவீத வரியுள்ள ரீசேட்டில், சலுகை போனதும் வாங்குபவர் கேட்ட முதல் கேள்வியே விலைக்குறைப்புத்தான்.

உண்மையான வித்தியாசம் துணியில் இருக்கிறது. பங்களாதேஷ் சீனத் துணியை வெட்டித் தைத்தாலே போதும், சலுகை கிடைக்கும். எங்களுக்குப் பொதுவாகத் துணியாக்குவதும் தைப்பதும் இரண்டுமே தேவை. இங்கே துணி ஆலை எத்தனை?

பங்களாதேஷ் பட்டியலைவிட்டு வெளியேற ஐ.நா. 2021இல் குறித்த நாள் 2026 நவம்பர் 24. அதன்பிறகும் ஐரோப்பா மூன்று வருட அவகாசம் கொடுக்கும்.