சொலிசிட்டருக்கு நாங்கள் படிப்பிக்கிறதா?

தம்பி, புதுக்குடியிருப்பில் இருந்து லண்டனுக்கு வந்து இரண்டு மாதம்தான், சொலிசிட்டர் அனுப்பிய கடிதத்தில் 'எங்களை இன்ஸ்ட்ரக்ட் செய்ய விரும்பினால் கையெழுத்திட்டு அனுப்பவும்' என்று இருக்கிறது, சட்டம் படித்தவருக்கு நான் என்னத்தைப் படிப்பிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நானும் கிளிநொச்சியில் 'இன்ஸ்ட்ரக்ட் என்றால் கற்பித்தல்' என்று பாடமாக்கிக்கொண்டு விமானம் ஏறியவன்தான்.

அந்தக் கடிதத்தில் அதற்கு அமர்த்துதல் என்று பொருள். 'என் கேஸை நீங்களே எடுத்து நடத்துங்கள்' என்று நீங்கள் அவரிடம் ஒப்படைக்கிறீர்கள். ஊரில் வயதானவர்களைக் கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள். 1973ஆம் ஆண்டின் சட்டம் எல்லாரையும் சட்டத்தரணி என்று ஒன்றாக்கும்வரை இலங்கையிலும் பிறக்கிராசி, அப்புக்காத்து என்று இரண்டு வகை இருந்தது. சனம் பிறக்கிராசியிடம் போகும். அவர் அப்புக்காத்தைப் பிடித்து நீதிமன்றத்தில் பேசவைப்பார். இங்கிலாந்தில் இன்றைக்கும் ஏறக்குறைய அதே முறைதான். நீங்கள் சொலிசிட்டரை இன்ஸ்ட்ரக்ட் செய்கிறீர்கள், தேவைப்பட்டால் அவர் பாரிஸ்டரை.

ஊரில் சட்டத்தரணிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு 'ஐயா, நீங்களே பாத்துச் செய்யுங்கோ' என்று நின்ற எங்களுக்கு இது கொஞ்சம் கூச்சம்தான். இங்கே ஐயா உங்களைக் கேட்பார். 'இதற்கு இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் எடுக்க வேண்டும்' என்று அவர் சொன்னால், உங்கள் வாயால் விருப்பம் தெரியாமல் அவர் முடிவெடுக்க மாட்டார் என்று அர்த்தம்.

கற்பித்தல் என்ற பொருளும் பொய்யில்லை. கார் பழக்குகிறவர் இன்ஸ்ட்ரக்டர்தானே. ஆனாலும் பேச்சில் அவர் 'டீச்' பண்ணினார் என்றே சொல்வார்கள். 'டீச் ஹிம் டு டிரைவ்' என்றால் ஓட்டப் பழக்கு. 'இன்ஸ்ட்ரக்ட் ஹிம் டு டிரைவ்' என்றால் ஓட்டும்படி கட்டளையிடு. பழக்குவதைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 'இன் டிரைவிங்' என்று வரவேண்டும்.

அந்த 'டு' என்னை ஒருமுறை நன்றாக மாட்டிவிட்டது. முதல் வேலை, ஒரு களஞ்சியத்தில். கையுறை போடும்படி உங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்ற பொருளில் 'யூ வேர் இன்ஸ்ட்ரக்டட் டு' என்று ஒரு கடிதம் வந்தது. எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லையே என்று ரோசத்தோடு பதில் எழுதிக் கொடுத்தேன். கையுறை போடவும் ஆள் வைத்துப் படிப்பிக்க வேண்டுமா என்று மேற்பார்வையாளர் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். சாதாரண தரப் பரீட்சைத் தாளின் தலையில் 'அறிவுறுத்தல்கள்' என்று இருக்குமே, அந்தச் சொல் அப்போது நினைவுக்கு வந்திருந்தால் தப்பியிருப்பேன்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். கையெழுத்து வைத்தால் அமர்த்தியதாகிவிடும், காசுக் கணக்கும் தொடங்கிவிடும். உங்களுடையது அகதிக் கேஸ் என்பதால் லீகல் எய்ட், அதாவது அரசு செலவில் சட்ட உதவி, கிடைக்கலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். அதை முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மொத்தமாக எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் பேனையை எடுங்கள்.