அந்த அம்மா ஏன் உள்ளறையில் இருந்தார்?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கில் துக்க வீடுகளுக்குச் செல்ல 14 பேர் கொண்ட குழு அமைத்திருக்கிறோம். பயிற்சிப் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் தந்திருக்கிறார். மூன்று ஞாயிறு, தலா இரண்டு மணி நேரம். அடக்கச் சடங்கின் பகுதிகள், வாசகங்கள், பாடல்கள், மன்றாட்டுகள் என்று பாடத்திட்டம் தயார். போன மாதம் ஒரு வீட்டில் முன்னோட்டமாகச் செபம் நடத்தினோம். கணவரை இழந்த அம்மா உள்ளறையில் இருந்ததால் இடையூறு இல்லாமல் 25 நிமிடத்தில் முடிந்தது. பாடத்திட்டத்தில் இன்னும் எதைச் சேர்க்கலாம்?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஐயா, எதையும் சேர்ப்பதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். "உள்ளறையில் இருந்ததால் இடையூறு இல்லாமல்." யாருக்கு இடையூறு? புருஷனைப் பறிகொடுத்தவர் சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிறார். இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து நீங்கள் செபம் சொல்கிறீர்கள். அவர் அழுகை உங்களுக்கு இடையூறு என்றால் உங்கள் குழு யாருக்காக அந்த வீட்டுப் படியேறியது?

யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தை எடுங்கள். லாசர் இறந்த வீட்டிலிருந்து அவர் சகோதரி மார்த்தா இயேசுவை எதிர்கொண்டு போகிறார். இன்னொரு சகோதரி மரியா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். போதகர் உன்னை அழைக்கிறார் என்று மார்த்தா வந்து மரியாவிடம் சொல்கிறார். அதுவரை இயேசு ஊருக்குள் வராமல், மார்த்தாவைச் சந்தித்த இடத்திலேயே இருக்கிறார். மரியா வந்து காலில் விழுந்து அழுத பிறகுதான் "எங்கே வைத்தீர்கள்?" என்ற கேள்வியே வருகிறது. கல்லறைக்குப் போவது அதற்கப்புறம்.

விதவையை மூலையில் உட்கார வைப்பதும், கல்லறைத் தோட்டத்துக்கு வரவிடாமல் தடுப்பதும் ஊர் வழக்கம். திருச்சபையின் சடங்கு அல்ல. 1969இல் வெளிவந்த அடக்கச் சடங்கு நூல் வீடு, கோவில், கல்லறை என மூன்று இடங்களைச் சொல்கிறது. மூன்றில் எதிலும் மனைவிக்குத் தடை இல்லை. அந்தந்த ஊர் மரபை மதியுங்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்களின் பேரவை) தன் வழிபாட்டு ஏட்டில் சொன்னதைச் சிலர் இதற்குச் சாக்காகக் காட்டுவார்கள். மூடநம்பிக்கையோடு பின்னிக் கிடக்கும் வழக்கத்துக்கு இடமில்லை என்று அதே ஏட்டில் இருப்பதையும் அவர்களுக்குக் காட்டுங்கள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல் வேறு யார் இருப்பது?

முதல் ஞாயிறு புத்தகமே திறக்காதீர்கள். 14 பேரையும் இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் துக்கத்தில் இருப்பவர், இன்னொருவர் பார்க்க வந்தவர். கடிகாரம் பார்த்து நான்கு நிமிடம் பேச்சே கூடாது. இரண்டாவது நிமிடத்திலேயே யாராவது "எல்லாம் கடவுள் சித்தம்" என்பார், இன்னொருவர் "பிள்ளைகளுக்காகத் தைரியமாக இருங்கள்" என்பார். இதெல்லாம் ஆறுதல் இல்லை, சும்மா இருக்க முடியாதவரின் தவிப்பு. அதை அவர்களுக்கே எடுத்துச் சொல்லுங்கள். விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காதவரை சரியாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

அடுத்து, செபத்துக்கு அரை மணி நேரம் முன்னால் இருவர் போக வேண்டும். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். அந்த அம்மா பாயில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். மூன்றே கேள்விகள்: அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? அவருக்குப் பிடித்த பாட்டு எது? செபம் இங்கே நடக்கட்டுமா, வெளியிலா? வெளியே வர முடியாது என்றால் அந்த அறை வாசலுக்கே செபத்தைக் கொண்டுபோங்கள். மன்றாட்டில் ஒன்று அவர் சொன்ன வார்த்தையாகவே இருக்கட்டும். ஒரு பாட்டு, திருப்பாடல் 23 அல்லது 130, சின்ன வாசகம், மௌனம், மன்றாட்டு, விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே: 20 நிமிடம் போதும். வீட்டார் கேட்டால் செபமாலை சொல்லுங்கள். ஆனால் வாசகத்தைத் தள்ளிவிட்டுச் சொல்லாதீர்கள். அடக்கத் திருப்பலியின் மறையுரை புகழுரையாக இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் அந்த மனிதரைப் பற்றிக் குடும்பம் பேசச் சரியான இடம் இந்த வீட்டுச் செபம்தான். கேட்டதை அன்று இரவே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்.

கோவில் சடங்கைப் பற்றிய பாடத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பெட்டிமேல் தெளிக்கும் நீர் திருமுழுக்கை நினைவூட்டுகிறது, பக்கத்தில் எரியும் பாஸ்கா திரி (ஈஸ்டர் இரவில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி) உயிர்ப்பை. இவ்வளவு தெரிந்தால் போதும். பெட்டிமேல் சிலுவையை வைக்கும் வேலையை மனைவியிடம் கொடுங்கள்.

தற்கொலை நடந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று தனியாகச் சொல்லிக் கொடுங்கள். "அவருக்குப் பூசை கிடையாதாமே" என்று இன்னும் கிசுகிசுக்கிறார்கள். 1983 திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. திருமுழுக்குக் கொடுப்பதற்குள் இறந்த குழந்தைக்கும், பெற்றோர் கொடுக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு உண்டு. வாசலில் நின்று இதைத் தப்பாகச் சொல்லும் ஒருவர் போதும், அந்தக் குடும்பம் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிடும்.

மூன்றாவது ஞாயிறு முழுக்க அடக்கத்துக்குப் பிறகு வரும் நாட்களுக்கே. ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசைக்குக் கூட்டம் தானாக வரும், அதோடு வாசல் வெறிச்சோடும். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தேதி எழுதுங்கள்: மூன்றாம் மாதம், அவர்களின் கல்யாண நாள், முதல் கிறிஸ்துமஸ், நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே போகிறவர் பெயர் இருக்க வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் அலைய வேண்டும். கூடப் போக ஆள் கொடுங்கள், அதுவும் உங்கள் பணிதான். துக்கத்தில் இருப்பவர், வாரக்கணக்கில் தூக்கமில்லை, நானும் போய்விடுகிறேன் என்று பேசுகிறார் என்றால் செபத்தோடு விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416.

உங்கள் 14 பேரில் இந்த ஒரு வருடத்துக்குள் சொந்தத் துக்கம் கண்டவர் இருந்தால் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்; அவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள்.

இந்த வாரமே, பயிற்சி தொடங்கும் முன், போன மாதம் செபம் சொன்ன வீட்டுக்கு உங்கள் துணைவியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். செபப் புத்தகம் வேண்டாம். உள்ளறை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள்.