கன்னட இயக்குநர் புட்டண்ணா கணகால் தம் முதல் கன்னடப் படத்தை எடுப்பதற்கு முன் எத்தகைய இடர்களைக் கடந்தார்?

புட்டண்ணா கணகால் என்றதும் 1971இல் வந்த ‘சரபஞ்சரா’வும் 1972இல் வந்த ‘நாகரஹாவு’மே முதலில் பேசப்படுகின்றன. நீங்கள் கேட்டிருப்பது அவற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றி. அவருடைய இளமை வறுமையைப் பலரும் சொல்வார்கள். என் பார்வையில், இயக்குநர் ஆன பிறகும் தம் சொந்த மொழியில் ஒரு படம் எடுக்க அவருக்கு ஆண்டுக்கணக்கில் ஆனதுதான் அதைவிடக் கவனிக்க வேண்டியது.

மைசூர் மாவட்டம் பிரியாபட்டணா வட்டத்தைச் சேர்ந்த கணகால் என்ற சிற்றூரில் 1933 டிசம்பர் 1 அன்று ஓர் ஏழைப் பிராமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். வண்டிக் கிளீனர், விற்பனையாளர், பள்ளி ஆசிரியர் என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். எதிலும் நிலைக்க முடியாமல் அலைந்த அந்த நாள்களில் விளம்பர வேலை அவரை நாடக உலகத்தின் பக்கம் கொண்டு சென்றது. நாடகத்தின் தொடர்பு சினிமாவுக்கு வழிவிட்டது.

சினிமாவில் அவர் சென்று சேர்ந்த இடம் பி.ஆர்.பந்துலு. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கர்ணன்’ ஆகிய படங்களின் வழியே நாம் நன்கறிந்த பந்துலு, பத்மினி பிக்சர்ஸ் நிறுவனத்தைச் சென்னையில் நடத்திக்கொண்டு தமிழிலும் கன்னடத்திலும் படம் எடுத்துவந்தார். அவருக்கு உதவி இயக்குநராக இருந்த புட்டண்ணா, அவருடைய கார் ஓட்டுநராகவும் வேலை செய்தார். புனே திரைப்படக் கல்லூரி 1960இல்தான் தொடங்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், கையில் பணமோ பின்புலமோ இல்லாத ஓர் இளைஞர் இத்தொழிலைக் கற்க வேண்டுமானால் ஒருவரிடம் அண்டியிருந்து, அவர் சொல்லும் வேலை எதுவானாலும் செய்துதான் கற்க வேண்டியிருந்தது என்பது விளங்கும். காரோட்டியதை அவருக்கு நேர்ந்த இழிவாகச் சொல்வோரை நான் ஏற்பதில்லை. அந்த வேலைதான் அவரைச் சென்னையில், படப்பிடிப்புக்கு அருகில் நிறுத்தி வைத்தது.

இயக்கும் வாய்ப்பு 1964இல் வந்தது, ஆனால் மலையாளத்தில். பந்துலு 1958இல் கன்னடத்தில் எடுத்து வெற்றி கண்ட ‘ஸ்கூல் மாஸ்டர்’ கதையே மலையாள வடிவம் பெற்றபோது அதை இயக்கினார். தென்னிந்திய மொழிப் படங்கள் பெருமளவு சென்னை ஸ்டுடியோக்களில் உருவான காலம் அது என்பதால் ஒரு கன்னடர் மலையாளப் படம் இயக்குவது விந்தையாக இருக்கவில்லை. இருந்தாலும், ‘சேட்டத்தி’, ‘மேயர் நாயர்’ என்று அடுத்தடுத்து மலையாளத்திலேயே படங்கள் அமைந்தபோது, பேச்சின் நுட்பங்களிலும் பெண்மனத்தின் சலனங்களிலும் அத்தனை அக்கறை கொண்ட ஒரு கலைஞர் பிறமொழி வசனங்களைக் கொண்டு வேலை செய்ய எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. 1966இல் கன்னட எழுத்தாளர் திரிவேணியின் ‘பெக்கின கண்ணு’ நாவலைப் படமாக்கினார். அதுவும் ‘பூச்சக்கண்ணி’ என்ற மலையாளப் படமாகத்தான் வெளிவந்தது.

கன்னடத்தில் அவர் இயக்கிய முதல் படமான ‘பெள்ளி மோடா’ 1967இல் வந்தபோது அவருக்கு வயது 33. அதுவும் திரிவேணியின் நாவலே. சொத்து கிடைக்கும் என்று நம்பி மணம் பேசிய ஒருவன், பெண்ணுக்குத் தம்பி பிறந்து அந்தச் சொத்து கைநழுவியதும் விலகிவிடுகிறான். பின்னர் மனம் மாறி அவன் திரும்பி வரும்போது அவள் மறுத்துவிடுகிறாள். ஸ்டுடியோ அரங்குகளே வழக்கமாக இருந்த காலத்தில் கர்நாடகத்தின் மலைநாட்டு வெளிப்புறங்களைக் கதைக்களமாக்கியதும், கன்னடக் கவிஞர் த.ரா.பேந்த்ரேயின் விடியல் கவிதையை ஜானகியின் குரலில் பாடலாக வைத்ததும், கல்யாணத்தில் முடியாத முடிவை அப்படியே காத்ததும் ஒரு முதற்பட இயக்குநர் எளிதில் துணியக்கூடியவை அல்ல. மலையாளத்தில் பெற்ற பயிற்சி அந்தத் துணிவுக்கு உதவியிருக்கும் என்றே கருதுகிறேன்.

தமிழிலும் ‘டீச்சரம்மா’ (1968), ‘சுடரும் சூறாவளியும்’ (1971) ஆகிய படங்களை அவர் இயக்கினார். பாரதிராஜா அவரிடம் உதவியாளராக இருந்தவர். வாய்ப்புக் கிடைத்தால் ‘பூச்சக்கண்ணி’யையும் ‘பெள்ளி மோடா’வையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒரே நாவலாசிரியரை அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு மொழிகளில் அவர் கையாண்ட விதத்தை ஒப்பிட அதைவிட நல்ல வழி இல்லை.